புள்ளிக் கணக்கு

போர்வையில் ஓர் அரிசி கிடந்தது.
எடுக்கப் போனேன். அது
ஒருமுறை நீண்டு, சுருங்கி,
மறுபடி அரிசியானது.

பக்கத்தில் கடுகு
பின்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தாள்,
தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல.

காரைக்குடி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில்
எனக்குப் பதினோரு வருடம்.
ஊர்க்காரர்களின் மலத்தைத் தீப்பெட்டியிலும்
தைல டப்பாவிலும் வாங்கிப் பார்த்தவள்.
சொந்தப் பூனையினுடையதைப் பார்க்கத்
தோன்றியதேயில்லை.

அன்று பார்த்தேன், முதலாளி சாப்பிடப் போன நேரம்,
உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு.
நாடாப்புழு தெரிந்ததுதான், உண்ணி தின்று வந்தது.
உருண்டைப்புழுவை நினைக்கவில்லை.
வட்ட வட்டமாய் முட்டைகள்,
தடித்த ஓடு, உள்ளே இருட்டு,
ஒவ்வொன்றும் பூட்டிப்போட்ட அறை.

நான் குடியிருப்பது பள்ளத்தூரில்
இருபத்திரண்டு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீட்டின்
பின்கட்டில், வாடகைக்கு.
பங்காளிகள் ஒருவழியாய்க் கையெழுத்திட்டு
முன்பக்கம் ஓட்டலாகிக்கொண்டிருக்கிறது.
இரண்டாங்கட்டு முற்றத்தில்
மணல் கொட்டி ஏழு மாதம்.
கொத்தனாருக்கு அது பூச்சு வேலை.
கடுகுக்கு அது கக்கூஸ்.
பறித்து, இருந்து, மூடி, முகர்ந்து பார்த்து
மகாராணியாய்த் திரும்பி வருவாள்.
சுத்தமான பூனை என்று
நானே பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை
சித்தாள் பொன்னழகி மகனைத் தூக்கி வந்தாள்.
ஆறு வாரமாய் இருமல்.
ஈரல் தடித்திருக்கிறது.
சேவுகன், வயது மூன்று.
'மண் தின்கிறான்' என்று
சீட்டின் ஓரத்தில் டாக்டர் கிறுக்கியிருந்தார்.

ஊசிக்கு அழவில்லை அவன்.
என் கோட்டில் ஒட்டியிருந்த ஒரு முடியைப் பிடுங்கி
வெளிச்சத்தில் பிடித்து
"கடுகு" என்றான்.

நூறு வெள்ளணு எண்ணவேண்டும்.
அதில் செம்மணி அப்பியவை
ஐந்தாறு இருந்தால் சரி.
முப்பத்தெட்டு இருந்தன.
குறையுமென்று மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்பது.

பூனைக் குடலில் அந்தப் புழுவுக்கு
அடுப்பு உண்டு, சந்ததி உண்டு, பங்கு உண்டு.
பிள்ளை உடம்பில் குஞ்சு பொரித்தாலோ
கொண்டுவிக்கப் போய்க் கப்பல் தவறியவன் மாதிரி
ஈரல், நுரையீரல் என்று
கதவு கதவாய்த் தட்டும்.
வளராது, பெருகாது, எங்கும் புள்ளியாகாது.
சில சமயம் போய்
கண்ணுக்குள் உட்கார்ந்துவிடும்.

ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதினேன்.
பூனையை எழுத அதில் கட்டமில்லை.

மூன்று நாள் அப்படியே இருந்தேன்.
நாலாம் நாள் மணலடியில் நின்று சொன்னேன்.
அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.
"ஏழு மாசமா
பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மேஸ்திரி சாக்கை உதறினார்,
"புதுவயல் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன்."
"அது போனா இன்னொண்ணு வரும்,
மணல் இருக்குல்ல.
மொதல்ல அதை மூடித் தொலைங்க."

மேல்மணலை ஒரு முழம் வாரி
கொல்லையில் ஆழமாய்ப் புதைத்தோம்.
மிச்சத்துக்கு நீலத் தார்ப்பாய், விளிம்பெல்லாம் செங்கல்.
கால்நடை ஆஸ்பத்திரியில் கடுகு
இரண்டு கிலோ எழுநூறு.
அரை மாத்திரை, நகக்கீறல் மூன்று,
பதினைந்து நாளில் இன்னொரு அரை,
உண்ணிக்குப் பிடரியில் சொட்டு.
இப்போது அவளுக்குத் தட்டில் மணல்.
தினமும் அள்ளிக் கையைத் தேய்க்கிறேன்,
ரேகை அழியுமளவுக்கு.

சேவுகன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார்கள்.
இப்போதைக்கு ஒன்றுமில்லை.
போன வாரம் பத்தொன்பது.

ராத்திரியில் கடுகு தார்ப்பாயைச் சுற்றி வருகிறாள்.
பிராண்டிப் பார்க்கிறாள்.
பிறகு என்னைப் பார்க்கிறாள்.

பொன்னழகி இன்னும் பேசவில்லை.
அடுத்த பரிசோதனைக்கு வந்தாள்.
வேறெங்கோ பார்த்தபடி
பிள்ளையின் விரலைப் பிரித்து
என் முன்னால் நீட்டினாள்.
நகம் ஒட்ட வெட்டியிருந்தது.